அஸர் காப்பிக்கு விடியலில் போனவர்கள்

அன்று காலை என் அக்கா நஜாஹ் என் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"காப்பியக் குடிச்சிட்டு வா. குடிக்காம வந்தேன்னா இந்த வாசப்படிய மிதிக்காத."

பெண் கேட்கப் பெரியவர்கள் கூட்டமாகப் போவதை நாங்கள் ஜாஹா என்போம். பெண் வீட்டில் முதலில் கசப்புக் காப்பி வரும். கூட்டத்தின் தலைவர் அதை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்வார். பெண்ணின் அப்பா "காப்பியக் குடிங்க" என்றால் பெண் கிடைத்துவிட்டாள் என்று பொருள். சொல்லவில்லையென்றால் காப்பி வைத்த இடத்திலேயே இருக்கும். எழுந்து வர வேண்டியதுதான்.

பொதுவாக இதெல்லாம் சும்மா ஒரு சடங்கு. பெண்கள் முன்பே பேசி முடித்திருப்பார்கள். ஆண்கள் கோட்டு போட்டுக்கொண்டு போய்க் காப்பி குடித்து, இனிப்பு தின்று வருவோம். ஆனால் என் அக்கா மகன் ஸுஹைபுக்கு அப்படி இல்லை. பெண் தீமாவுக்குச் சம்மதம். பெண்ணின் அம்மாவுக்குச் சம்மதம். அப்பா அபூ வாஸில் மட்டும் ஒரு சத்தியம் செய்து வைத்திருந்தார். அதுவும் அல்லாஹ்வின் மேல், ஊர் பார்க்க.

எங்கள் ஊர் ஐன் ரும்மான். அவர்கள் ஊர் பைத் லௌஸ். நடுவில் ஒரு குன்று. குன்றின் மேல் யூதக் குடியிருப்பு, சிவப்பு ஓட்டு வீடுகள். நான் கல்யாணம் செய்தபோது அங்கே நாலைந்து வண்டி வீடுகள்தான் இருந்தன. இப்போது ஒரு பட்டணம். அவர்களுக்கென்று கீழே ஒரு சாலை போட்டார்கள். அந்தச் சாலையில் எங்கள் ஊர் வழி போய்ச் சேரும் இடத்தில் ராணுவம் ஒரு மஞ்சள் இரும்பு கேட்டை நட்டது. திறந்திருந்தால் பைத் லௌஸுக்குப் பத்து நிமிடம். மூடியிருந்தால் பள்ளத்தாக்கு இறங்கி, மூன்று ஊர் சுற்றி, சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று போக வேண்டும். ஒன்றரை மணி நேரமும் ஆகலாம், ஒரு பகலும் ஆகலாம். எப்போது திறப்பான், எப்போது மூடுவான் என்பது அவனுக்கே தெரியாது.

அபூ வாஸிலின் மூத்த மகள் ஹனாதியை எங்கள் ஊரில்தான் கொடுத்திருந்தார். அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்த வாரம் கேட் மூடிக் கிடந்தது. சுற்று வழியும் அடைப்பு. அவரும் மனைவியும் கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். மருமகன் இந்தப் பக்கம் நின்று பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக் காட்டினான். அங்கிருந்து பார்த்தால் ஒரு ரொட்டி அளவுதான் தெரிந்திருக்கும். அப்போதுதான் சத்தியம் செய்தார். "அல்லாஹ் மேல ஆணையா, இன்னொரு பொண்ண கேட்டுக்கு அந்தாண்ட தரமாட்டேன்."

அவர் வாக்கு மாறாத ஆள் என்பது இரண்டு ஊருக்கும் தெரியும். வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு வரச் சொன்னாரே தவிர, காப்பி பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஜாஹாவுக்குத் தலைவர் ஹாஜி தவ்ஃபீக். சண்டை தீர்க்க, பெண் கேட்க, சுற்று வட்டாரத்தில் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முதல் நாள் இரவு எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார்:

"நாளைக்கு ஒரு நிமிஷம் லேட்டாப் போனாக்கூட அந்தாளு 'பாத்தியா, வழி இல்லன்னு நான் சொல்லல?'ன்னு கேப்பான். அந்தப் பேச்சுக்கே இடம் குடுக்கக் கூடாது. விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டுக் கெளம்பறோம்."

"ஹாஜியாரே, மத்தியானம் மூணு மணிக் காப்பிக்குக் காலைல ஆறு மணிக்கா?" என்றார் அபூ ரஷீத். இவர் கட்டட ஒப்பந்தக்காரர். பெரிய வண்டி, பெரிய கைக்கடிகாரம். எங்கே உட்கார்ந்தாலும் பேச்சு அவருடைய நிலத்தில்தான் வந்து முடியும்.

"கேட் மூடியிருக்கும். சாவடில நாலு மணி நேரம் நிப்பாட்டுவான். வழில எவனாவது கல்லக் கொட்டியிருப்பான். எல்லாத்தையும் கூட்டிப் பாரு."

கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது.

வியாழன் விடியலில் இரண்டு மினிபஸ், ஐந்தாறு கார், நாற்பது பேர். எல்லோரும் கோட்டு, டை, ஷேவிங் வாசனை. கைபேசியில் ஓட்டுநர்கள் வைத்திருக்கும் 'கேட் நிலவரம்' குழுவில், மூடியிருக்கிறது என்றுதான் போட்டிருந்தார்கள். ஆனாலும் வழியில்தானே, ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று போனோம்.

கேட் திறந்திருந்தது.

அகலத் திறந்து கிடக்க, நடுவில் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது. சிப்பாய் யாரும் இல்லை. எங்கள் வண்டிகள் எல்லாம் நின்றன. ஓட்டுநர் இறங்கிப் போய் இரும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான்.

"நெஜமாவே தொறந்திருக்கு."

"இதுக்கு என்னடா அர்த்தம்?"

"ஏதோ பெருசா வரப்போவுதுன்னு அர்த்தம்."

"அர்த்தமெல்லாம் அந்தாண்ட போய்ப் பேசிக்கலாம். மொதல்ல வண்டிய எடு!" என்று கத்தினார் ஹாஜி.

ஆட்டை விரட்டிவிட்டுப் போனோம். பத்து நிமிடம்தான். பைத் லௌஸில் இன்னும் ரொட்டிக் கடைகூடச் சரியாகத் திறக்கவில்லை. அஸருக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நாற்பது பேர் கோட்டு போட்டுக்கொண்டு தெருவில் நிற்கிறோம்.

"திரும்பிப் போயிட்டு வருவமா?" என்றான் ஸுஹைப். பாவம், மாப்பிள்ளை. முகம் வெளுத்துப்போயிருந்தான்.

"போய்ப் பாரு. உன் பின்னாடியே மூடுவான்" என்றேன்.

நேரத்துக்கு முன்னால் பெண் வீட்டு வாசலில் போய் நிற்பது பெரிய மரியாதைக் கேடு. வீட்டில் பெருக்கியிருக்க மாட்டார்கள், நாற்காலி போட்டிருக்க மாட்டார்கள், அப்பா ஷேவ் செய்திருக்க மாட்டார். கண்ணில் படவே கூடாது. அதனால் ஊர்க்கோடியில் இருக்கும் எண்ணெய் ஆலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டோம். நாற்பது பேர், இரண்டு மினிபஸ், அபூ ரஷீதின் பளபளக்கும் வண்டி. ஒளிந்துகொண்டோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

சற்று நேரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. டிரெய்லரில் ஏணிகள், விரிப்புகள், வாளிகள். ஓட்டிக்கொண்டு வந்தது அபூ வாஸிலேதான். பழைய கால்சட்டை, கிழிந்த ஸ்வெட்டர், இரண்டு நாள் தாடி. ஆலை மூலையில் திரும்பியவர் எங்களைப் பார்த்ததும் பிரேக் போட்டார்.

ஹாஜி தவ்ஃபீக்கும் அவரும் முப்பது வருடப் பழக்கம். ஆனால் அஸருக்கு முன்னால் ஒருவரையொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள இரண்டு பேருக்கும் வழி இல்லை.

கடைசியில் அபூ வாஸில் கேட்டார். "ஸலாம் அலைக்கும். நீங்கள்லாம் யாரு?"

"வ அலைக்கும் ஸலாம். நாங்க வழிப்போக்கருங்க" என்றார் ஹாஜி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

"வழிப்போக்கருக்கு எதுக்குக் கோட்டும் டையும்?"

"தூர வழி."

"எங்கேர்ந்து?"

"அதோ, குன்றுக்கு அந்தாண்ட."

"ஓ. ரொம்பத் தூரம்தான்." டிராக்டரை அணைத்துவிட்டு இறங்கினார். கோபம் வருவதும் சிரிப்பு வருவதும் மாறி மாறி அவர் முகத்தில் தெரிந்தது. "வழிப்போக்கரே, எனக்கு இன்னிக்குச் சாயந்திரம் விருந்தாளிங்க வராங்க. பெரிய மனுஷங்க. ஆனா பாருங்க, நேத்து ராத்திரி ராணுவத்துல இருந்து போன் வந்துச்சு. குடியிருப்பு வேலியோரம் என்னோட மேல்காடு இருக்கு. ரெண்டு வருஷமாக் கால வைக்க விடல. இன்னிக்கு ஒரு நாள் போயி ஆலிவ் பறிச்சுக்கோ, அஸர் வரைக்கும்தான், அதுக்கப்புறம் கெடையாதுன்னுட்டான். பெரியவன் ரமல்லால மாட்டிக்கிட்டான், வழி இல்ல. நான், பொண்டாட்டி, பொண்ணு. மூணு பேரு. அறுபது மரம். அதனால நான் இன்னிக்குப் பொழுதுக்கும் மரத்துமேலதான். வந்த விருந்தாளிங்களுக்கு நாக்காலி போடக்கூட ஆள் இல்ல. நீங்க உங்க வழியப் பாருங்க."

இதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். விருந்தாளி வரும் நாளில் வீட்டில் ஆள் இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது அவருக்கு அடி மாதிரி இருந்தது.

ஹாஜி எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி மடித்து மினிபஸ் சீட்டில் வைத்தார்.

"எங்களுக்கு அஸர் வரைக்கும் வேலை ஒண்ணும் இல்ல. வழிப்போக்கன் கைய சும்மா வெச்சிக்கிட்டு இருந்தா பாவம்."

"கூலி?"

"தண்ணி குடுத்தாப் போதும்."

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் அபூ வாஸில் விரலை நீட்டி. "ஆலிவப் பறிச்சுக் குடுத்துட்டு, பதிலுக்கு வேற எதையாவது கேட்டீங்கன்னா, அந்த வேலை வேணாம். எண்ணெயாக் குடுத்துத் தீத்துடுவேன்."

"வேற எதையாவதா? நாங்க வழிப்போக்கருங்க. எங்களுக்கு இந்த ஊர்ல யாரத் தெரியும்?"

மேல்காட்டுக்கு ஏறினோம். வேலிக்கு அந்தப் பக்கம் சிவப்பு ஓடுகள், ஒரு நீச்சல் குளம், புல்வெளியில் தண்ணீர் சுற்றிச் சுற்றித் தெளித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் இரண்டு வருடம் உழாத நிலம், இடுப்பளவு முள். கீழ்க்கிளைகள் எல்லாம் புதராகக் கிடந்தன. சில மரங்களை யாரோ அறுத்திருந்தார்கள். அறுத்த அடியிலிருந்து புதுத் தளிர் வந்திருந்தது. ஆனால் நின்ற மரங்கள் எல்லாம் கறுத்துக் காய்த்துக் கிடந்தன. அபூ வாஸில் முதல் மரத்தடியில் போய் நின்று, தண்டில் கை வைத்து, யாருக்கோ ஸலாம் சொல்வதுபோல என்னவோ முணுமுணுத்தார். உடனே எங்களைப் பார்த்துக் கத்த ஆரம்பித்துவிட்டார்.

"விரிப்ப விரிங்கடா! கெளைய ஒடிச்சீங்க, கைய ஒடிப்பேன்!"

டையைத் தலையில் கட்டிக்கொண்டோம். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டோம். வயதானவர்கள் கீழே உட்கார்ந்து இலை பொறுக்கினார்கள். மற்றவர்கள் ஏணியிலும் கிளையிலும் ஏறினோம். விரிப்பின் மேல் ஆலிவ் மழைபோலக் கொட்டியது. அபூ ரஷீத் பளபள பூட்ஸோடு ஒரு மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு வழக்கம்போல ஆரம்பித்தார்.

"இதெல்லாம் ஒரு காய்ப்பா? என் நெலத்துல ஒரு மரத்துக்கே ஒரு மூட்டை வரும்."

"எப்ப கடைசியாப் பறிச்சீங்க மாமா?" என்று கேட்டான் ஒருவன்.

அந்த மரத்திலிருந்து பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம், நீச்சல் குளத்தைத் தாண்டி ஒரு சரிவு தெரியும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே பறித்தார். என்னைத் தவிர வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

தீமா ஒரு ஏணியின் உச்சியில் இருந்தாள். கையுறை போட்டு, முக்காட்டை இறுக்கிக் கட்டி, இரண்டு ஆள் வேலை செய்துகொண்டிருந்தாள். பக்கத்து மரத்தில் ஸுஹைப். இரண்டு பேரும் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் ஒரே வகுப்பு. ஆனால் இன்று, அஸருக்கு முன்னால், அவன் யாரோ, அவள் யாரோ. நாற்பது பேரும் காய் பறித்துக்கொண்டே காதை அந்தப் பக்கம் வைத்திருந்தோம்.

"வழிப்போக்கரே," என்றாள் அவள், அவனைப் பார்க்காமல். "மேல்கெளைல பாதிய விட்டுட்டீங்க."

"கை எட்டல."

"கை எட்டலன்னா ஏன் ஏறினீங்க?"

"ஏறினாத்தானே எட்டுதா இல்லையான்னு தெரியும்?"

கீழே இலை பொறுக்கிக்கொண்டிருந்த ஹாஜி இருமினார். அபூ வாஸில் தூரத்திலிருந்து, "பேச்சு கொறையட்டும், கை ஓடட்டும்!" என்று கத்தினார். அவர் மனைவி உம்மு வாஸில் முக்காட்டு முனையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் ஜீப் வந்தது. குடியிருப்பின் காவல்காரன் ஒருவன் வேலியோரம் துப்பாக்கியோடு நின்று எங்களைப் பார்த்திருக்கிறான். அவன்தான் சிப்பாய்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவன் நிலையில் நின்று யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைச் சட்டை போட்டுத் தலையில் டை கட்டிய ஆள். எனக்கே பயமாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு சின்ன வயதுச் சிப்பாய் இறங்கினான். எங்கள் மொழியை உடைத்து உடைத்துப் பேசினான்.

"நிலம் யாரோடது?"

"என்னோடது" என்றார் அபூ வாஸில்.

"அனுமதி, நிலக்காரன் குடும்பம் மட்டும். இவங்க யாரு?"

மரங்களெல்லாம் அமைதியாகிவிட்டன. வெளியாட்கள் என்று சொன்னால் எல்லோரையும் இறக்கி அனுப்பிவிடுவான். பாதிக்கு மேல் மரம் பாக்கி இருந்தது. அபூ வாஸில் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். ஹாஜியைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டார்.

"குடும்பம்" என்றார்.

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"ஏன் கல்யாணச் சட்டை?"

"எங்க குடும்பத்துல ஆலிவ்னா அவ்ளோ மரியாதை."

சிப்பாய் அபூ ரஷீதின் பூட்ஸைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான், ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டான். "அஸர் வரைக்கும். அப்புறம் ஒரு ஆள் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டான்.

ஜீப் தள்ளிப் போனதும் ஹாஜி மெதுவாகச் சொன்னார். "குடும்பம்னு சொன்னீங்களே, அபூ வாஸில்."

"அது சிப்பாய்கிட்ட சொன்னது. சிப்பாய்கிட்ட சொன்னதெல்லாம் கணக்குல வராது."

"வராது, வராது. சும்மா காதுல விழுந்துச்சு, அதான் சொன்னேன்."

லுஹர் தொழுது முடித்தோம். உம்மு வாஸில் வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுப் பெண்களையெல்லாம் கூட்டிச் சமைத்திருக்கிறாள். டிராக்டரில் மூன்று அண்டா வந்தது. சோறு, கத்தரிக்காய், கோழி எல்லாம் அடுக்கி வேகவைத்துத் தட்டில் கவிழ்த்துக் கொட்டுகிற மக்லூபா. அபூ வாஸில் யாரையும் தொட விடவில்லை. தானே அண்டாவைக் கவிழ்த்தார். அடியைத் தட்டினார். கொஞ்ச நேரம் அண்டாவின் மேல் கை வைத்தபடி கண்ணை மூடி நின்றார். உடையாமல் வர துவா கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தூக்கினார். ஒரு கத்தரிக்காய்கூடச் சரியாமல் கோபுரம்போல நின்றது. கை தட்டினோம்.

"சாப்பிடுங்க வழிப்போக்கரே. எல்லாருக்கும் கெடச்சுதா? யாரும் பாதி வயித்தோட எந்திரிக்கக் கூடாது." ஒவ்வொருவர் தட்டாகப் பார்த்து, குறைந்த இடத்தில் தானே கோழி வைத்தார். இப்படி விசாரிக்கிற ஆள் இல்லை அவர். எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது.

அஸர் பாங்குக்கு முன்னால் கடைசி மரமும் முடிந்தது. மூட்டைகளை இறக்கிவிட்டு ஆலைக் குழாயில் முகம் கழுவி, எண்ணெய்க் கறை படிந்த சட்டைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டோம். தொழுதோம். பிறகு, காலையிலிருந்து யாரையும் பார்க்காதவர்கள்போல, வரிசையாக அபூ வாஸில் வீட்டுக்கு நடந்தோம்.

அவர் வாசலில் நின்றார். ஷேவ் செய்து, கன்னத்தில் ஒரு வெட்டு. "வாங்க வாங்க! எவ்ளோ நாளாச்சு பாத்து! வழியெல்லாம் எப்படி இருந்துச்சு?"

"அல்ஹம்துலில்லாஹ், லேசா இருந்துச்சு" என்றார் ஹாஜி.

உட்கார்ந்தோம். காப்பி வந்தது. ஹாஜி சின்னக் கோப்பையை வாங்கி, மேசையில் வைத்தார். அவர் கை ஆலிவ் கறையில் கறுத்திருந்தது. எழுந்து நின்று அல்லாஹ்வைப் புகழ்ந்து, இரண்டு குடும்பத்தையும் புகழ்ந்து, "உங்க மக தீமாவ எங்க பையன் ஸுஹைபுக்குக் கேட்டு வந்திருக்கோம். நீங்க வார்த்தை சொல்ற வரைக்கும் இந்தக் காப்பி எங்களுக்கு வேணாம்" என்றார்.

அபூ வாஸில் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பையன் மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன் ஹாஜி. ராத்திரி அவளுக்கு வலி வருது. கேட் மூடியிருக்கு. என்ன பண்ணுவீங்க?"

"அபூ வாஸில், மத்தியானக் காப்பிக்கு விடியக்காலைல வந்து நிக்கற ஆளுங்க நாங்க. பிரசவத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே கொண்டாந்து உங்க வீட்டுல விட்டுட்டு, நாங்களும் ஆலைக்குப் பின்னாடி வந்து உக்காந்திருப்போம்."

வீடே சிரித்தது. உள் அறையில் பெண்களும் சிரித்தார்கள். அபூ வாஸிலும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் முகம் மறுபடி இறுகியது.

"அது சரி. ஆனா நான் அல்லாஹ் மேல சத்தியம் பண்ணியிருக்கேன். கேட்டுக்கிட்ட நின்னு பண்ணினேன். உங்க ஊரே கேட்டுச்சு."

"நல்ல காரியத்துக்காகச் சத்தியத்த விடலாம். அதுக்குப் பரிகாரம் இருக்கு. பத்து ஏழைங்களுக்குச் சாப்பாடு." ஹாஜி கையை விரித்தார். "இன்னிக்கு நாப்பது பேருக்குப் போட்டீங்க. நாப்பதுல பத்து ஏழைங்க இருக்க மாட்டாங்களா?" எங்கள் பக்கம் திரும்பினார். "எவன் எவன் ஏழை? கையத் தூக்குங்கப்பா."

ஒரு கைகூட எழவில்லை.

எழாது. பெண் கேட்க வந்த இடம். ஒவ்வொருவனும் இருக்கிறதில் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். தன் வம்சம், தன் வீடு, தன் ஆட்டு மந்தை என்று பெருமை பேச வந்த இடத்தில், பெண் வீட்டார் பார்க்க, நான் ஏழை என்று எவன் கையைத் தூக்குவான்? என் பக்கத்தில் இருந்தவன் கடன் வாங்கின டையைச் சரி செய்துகொண்டான். ஸுஹைப் என்னைப் பார்த்தான். எனக்கு அக்காவின் வாசப்படி ஞாபகம் வந்தது.

கையைத் தூக்கினேன். "நான் ஏழை. குழாய் விக்கறேன். வருஷத்துல பாதி நாள் சரக்கு அந்த கேட்டுல நிக்குது."

"மாஷா அல்லாஹ், ஒண்ணு" என்றார் ஹாஜி.

பின்னால் ஒருவன் தூக்கினான். கோழிப் பண்ணைக்காரன் தூக்கினான். மினிபஸ் ஓட்டுநர், "பெட்ரோலே என்ன ஏழையாக்கிடுச்சு" என்று இரண்டு கையும் தூக்கினான். "ஒரு ஆளு ஒரு கைதான்!" என்று அதட்டினார் ஹாஜி. ஒன்பது வந்தது. அதோடு நின்றுவிட்டது.

ஹாஜி அறையைச் சுற்றிப் பார்த்தார். காப்பியில் ஆவி அடங்கிப்போயிருந்தது.

அப்போது அபூ ரஷீத் கையைத் தூக்கினார். அந்தக் கடிகாரக் கையை.

முதலில் சிரிப்பு வந்தது. "மாமா, உங்க நெலம்?" என்றான் ஒருவன்.

"நெலந்தான்" என்றார் அவர். "வேலிக்கு அந்தாண்ட இருக்கு. அந்த நீச்சக் கொளம் இருக்கில்ல, அதுக்குப் பின்னாடி. பதினோரு வருஷம் ஆச்சு நான் கால வெச்சு. இன்னிக்கு இவரு மரத்து மேலேர்ந்துதான் பாத்தேன். மரமெல்லாம் நிக்குது." தூக்கின கையை அவர் இறக்கவில்லை. "இந்த வீட்டுல என்னவிட ஏழை எவன்டா? எழுதிக்க ஹாஜி. பத்து."

அபூ வாஸில் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். அப்போது உஸ்தாத் மாஹிர் எழுந்தார். பள்ளிக்கூடத்தில் மார்க்கம் சொல்லிக் கொடுப்பவர். எங்கள் ஆள்தான்.

"ஒரு சந்தேகம்" என்றார். "பரிகாரச் சாப்பாடுன்னா போடும்போதே நிய்யத் இருக்கணும். மனசுல நெனச்சுப் போட்டிருக்கணும். இவரு மத்தியானம் வேலையாளுங்களுக்குத்தானே போட்டாரு? சட்டப்படி அது சேராது."

நாற்பது பேரும் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அங்கேயே கருகியிருக்க வேண்டும். ஹாஜி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "மாஹிரே, உன்ன எவன்டா வண்டில ஏத்தினது?"

"உண்மையச் சொன்னேன் ஹாஜியாரே..."

"உஸ்தாத் சொல்றது சரி" என்றார் அபூ வாஸில். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம். அவர் காது இரண்டும் சிவந்திருந்தது. "நிய்யத் இல்லாமச் சேராது. எனக்கும் தெரியும்."

உள் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"அண்டாவக் கவுத்தும்போதே நிய்யத் வெச்சுட்டேன்."

உள் அறையில் ஏதோ தட்டு விழுந்தது.

"மத்தியானமேவா?" என்றார் ஹாஜி. "அப்ப இவ்ளோ நேரம் எங்களை..."

"நாலு வார்த்தை பேசட்டும்னுதான். ஜாஹான்னா பேச்சு இருக்க வேணாமா?" அபூ வாஸில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காப்பியக் குடிங்க ஹாஜி. எல்லாரும் குடிங்க."

பெண்கள் அறையிலிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது. நாங்கள் கோப்பையை எடுத்தோம். ஆறிப்போய்க் கசந்தது. ஒரே மூச்சில் குடித்தேன். உஸ்தாத் மாஹிர் மட்டும் பயந்து பயந்து எடுத்தார்.

சூரியன் சாயும் நேரத்தில் திரும்பினோம். கேட் மூடியிருந்தது. யாருக்கும் ஆச்சரியம் இல்லை. இரும்புக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி, எங்கள் ஊர்ப் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். நடுவில் என் அக்கா நஜாஹ், கையை வாயோரம் குவித்துக்கொண்டு கத்தினாள்.

"குடிச்சீங்களாடா?"

நாங்கள் வண்டியிலிருந்து இறங்கி, நாற்பது பேரும் கையைத் தூக்கினோம். அபூ ரஷீதின் கடிகாரம் கடைசி வெயிலில் மின்னியது.

"எதுக்குடா எல்லாரும் கையத் தூக்கறீங்க?"

"நாங்க ஏழைங்கக்கா!" என்று கத்தினேன். "ஏழைங்க! குடிச்சிட்டோம்!"

அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை. குலவை போட ஆரம்பித்துவிட்டாள். கேட்டோரக் காவல் கோபுரத்திலிருந்த சிப்பாய் விளக்கை எங்கள் மேல் திருப்பினான். நாங்கள் அந்த வெளிச்சத்திலேயே கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, சுற்று வழியில் போக வண்டியைத் திருப்பினோம்.